சிலுவைத் தலைத் திருகாணியும் அதற்குரிய திருப்புளியும்

தமிழ் பயில்வார்க்குத் திருகாணியோடு யாது தொடர்பு என்று இத்தலைப்பைக் காணும் நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். சொல்லையும் பொருளையும் ஆராய்தல் எமக்குரிய பாடம். ஒரு சொல் பிழைத்தமையால் ஒரு பொருள் கெட்டதையும், அப்பொருள் கெட்டமையால் ஓர் ஏழை இளைஞனது கூலி குறைந்ததையும் அண்மையில் நேரிற் கண்டோம். கண்டபின் வாளா இருத்தல் எமக்கு இயலவில்லை.

நிகழ்ந்தது இது. எம் விடுதியின் வண்டிக் கொட்டகையில் யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. எம் அறைத் தோழர்க்கு அவர் தந்தையார் கொடுத்தது. அவ்வகை வண்டி 1985 முதல் 1996 வரை நம் நாட்டிற் செய்யப்பட்டுப் பின்னர் நின்றுபோயிற்று. ஆதலின் அதனை வைத்திருப்போர் பெற்ற பிள்ளையைப்போற் பேணுவர். சென்ற மழைக்காலத்தில் அதன் கிளட்ச் வழுக்கத் தொடங்கிற்று. எஞ்சினின் வலப்புற மூடியைக் கழற்றினாலன்றிக் கிளட்சைக் காணவொண்ணாது. கல்லூரிக்கு அணித்தாயுள்ள ஒரு பட்டறைக்கு வண்டியைத் தள்ளிச்சென்றோம். அங்கே எம்மினும் ஓராண்டு இளையவனான ஒருவன் வேலைக்கு இருந்தான். அவன் திருப்புளியை வைத்துத் திருகினான். முதல் ஆணி கழன்றது. இரண்டாவதும் சிறிது முரண்டிக் கழன்றது. மூன்றாவதிற் கருவி நழுவிற்று. அழுத்தித் திருகினான், மீண்டும் நழுவிற்று. ஐந்தாறு முறை நழுவிய பின்னர்ப் பார்த்தால், சிலுவை வடிவாயிருந்த குழி வட்டக் குழியாகிவிட்டது. பட்டறைக்காரர் எழுந்துவந்து, உளியும் சுத்தியலும் கொண்டு அவ்வாணியை வெட்டித் திருப்பினார். உளி ஒருகால் வழுக்கி, மூடியின் அலுமினியத்தில் ஆழ்ந்ததோர் வடுவைச் செய்தது. அம்மூடி இக்காலத்தில் எளிதிற் கிடைப்பதன்று.

"கைப்பழக்கம் இல்லாதவன் கையிலே கொடுத்தது என் தப்பு" என்றார் அவர். அவ்வாரக் கூலியில் ஒரு பங்கைப் பிடித்தும் கொண்டார். யாமும் சும்மா நின்றோமல்லம். "கொஞ்சம் பார்த்துச் செய்யக்கூடாதா தம்பி?" என்று கடிந்தோம். அவன் ஒன்றும் விடை கூறவில்லை. கருவியின் முனையைத் தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான். அச்செய்கையின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. அவன் கையிற் குற்றமில்லை. கையிற் கொடுத்த கருவியிலேயே குற்றம் இருந்தது.

இதனை எமக்கு விளக்கியவர், பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்த முதியவர் ஒருவர். மோட்டார்த் தொழிலில் நெடுங்காலம் இருந்தவர். கொட்டகைக்கு வந்து வடுவைப் பார்த்தவர், "எந்தத் திருப்புளியாற் கழற்றினீர்கள்?" என்று வினவினார். "ஸ்டார்" என்றோம். "ஸ்டாரில் எது?" என்றார். எமக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு விதை.

கடைத்தெருவில் ஸ்க்ரூ டிரைவர் என வழங்குவதும் அகராதியுடையார் திருப்புளி என எழுதுவதும் ஒன்றே. அக்கருவிக்கு நம் ஊர்களில் இரண்டே பெயர்கள்: ஒற்றைக் கோடுடைய ஆணிக்குப் 'பிளாட்', குறுக்கிட்ட இரு கோடுடைய ஆணிக்கு 'ஸ்டார்'. சிலுவையை விண்மீன் என்று அழைப்பது கல்வாரியையும் பெத்லகேமையும் ஒன்றாக்குவதை ஒக்கும் என்று எம் விடுதித் தோழர் ஒருவர் நகையாடினார். அது கிடக்க. விண்மீன் என்னும் பெயர்க்கு உண்மையில் உரியது ஆறு முனைகளையுடைய டார்க்ஸ் என்னும் வேறொரு வகை. எம் வழக்கு பெயரின் அழகைப் பற்றியதன்று. தம்முள் வேறுபட்ட மூன்று பொருள்களை ஒரு பெயரால் வழங்குகிறோம். வழங்கி வழங்கி, அவை ஒரே பொருள் என்று நம்பியும் விட்டோம். செய்யுளிற் பலபொருள் ஒருசொல் வந்தால் இடம் நோக்கிப் பொருள்கொள்ளக் கற்பிக்கிறார்கள். பட்டறையில் அங்ஙனம் கற்பிப்பார் இல்லை.

அம்மூன்றும் இவை. முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவில் ஜான் தாம்சன் என்பவர் 1933-இல் இவ்வகைச் சிலுவைக் குழிக்குக் காப்புரிமை பெற்றார். போர்ட்லாந்து நகரத்து ஹென்றி பிலிப்ஸ் அவ்வுரிமையை வாங்கித் திருத்தி, 1936-இல் தம் பெயரிற் காப்புரிமைகள் பெற்றார். அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியார் அதனைச் செய்ய முன்வந்தனர். கேடிலாக் கார் செய்யும் தொழிற்சாலை அதனை முதன்முதல் ஏற்றவற்றுள் ஒன்று. ஏற்றதன் காரணம் வெளிப்படை. ஒற்றைக் கோட்டு ஆணியில் திருப்புளி பக்கத்தே நழுவிப்போம். சிலுவைக் குழியிலோ கருவி தானே நடுவிற் சென்று அமரும். வரிசையாய் நின்று எந்திரத் திருப்புளியால் விரைந்து முடுக்கும் தொழிலாளர்க்கு அது பேருதவி.

ஆயினும் பிலிப்ஸ் குழியின் சுவர்கள் சரிந்தவை. திருகும் விசை மிகுங்கால், அச்சரிவின் வழியே கருவி மேல்நோக்கித் தள்ளப்பட்டு வெளியேறும். அளவுக்குமேல் முடுக்காதபடி காத்தற்கே இதனை இங்ஙனம் செய்தனர் என்று பலர் கூறுவர். முதற் காப்புரிமைகளில் அந்நோக்கம் சொல்லப்படவில்லை. 1949-இல் வந்த திருத்தம் ஒன்றிலேயே அது காணப்படுகிறது. கருதிச் செய்தாலும் கருதாது விளைந்தாலும், ஆணியைக் கழற்றுவோன்மேல் அப்பழி விழுதல் முறையன்று.

இரண்டாவது போசிடிரைவ். இது 1960-களில் வந்தது. ஐரோப்பியப் பொருள்களில் மிகுதி. சுவர்களின் சரிவு குறைந்தமையால் நழுவலும் குறைவு. இதனை அறிதல் எளிது: சிலுவையின் நான்கு கைகளுக்கு இடையே மெல்லிய நான்கு கீற்றுகள் ஆணியின் தலையிற் செதுக்கப்பட்டிருக்கும். கருவியின் தண்டிற் பிலிப்ஸுக்குப் பிஎச் என்றும் இதற்குப் பிஇசட் என்றும் ஆங்கில எழுத்துப் பொறித்திருப்பர்.

மூன்றாவதே எம் வழக்கிற்கு உரியது. ஜப்பான் தேசத்தார் 1949-இல் தொழில் தரநிர்ணயச் சட்டம் ஒன்று இயற்றி, ஜிஸ் என்னும் முத்திரையின்கீழ்ப் பல பொருள்களுக்கு அளவு வகுத்தனர். அத்தரத்திற்கு இயைந்த சிலுவை ஆணி பார்வைக்குப் பிலிப்ஸைப் போன்றதே. எம்போன்றார் கண்ணுக்கு வேற்றுமை புலப்படாது. வேற்றுமை பொருத்தத்தில் உள்ளது. பிலிப்ஸ் திருப்புளியின் நான்கு சிறகுகள் கூடும் மூலைகள் சற்று உருண்டிருக்கும். ஜப்பானிய ஆணியின் குழியில் அதனை இட்டால், அவ்வுருட்சி குழியின் விளிம்பை முன்னரே முட்டிக்கொள்ளும்; முனை முழுதும் உள்ளே இறங்காது. சிறகின் ஒரு சிறு பகுதியே ஆணியைப் பற்றும். விசை முழுதும் அச்சிறு பகுதியின்மேல் வீழ்ந்தால் உலோகம் நசுங்குமேயன்றி ஆணி சுழலுமோ? ஜிஸ் திருப்புளியின் மூலைகள் கூர்மையாயும் நுனி சற்றே மொட்டையாயும் இருத்தலின் அது குழியினுள் ஆழ அமர்ந்துகொள்ளும். வியப்பு யாதெனின், ஜிஸ் திருப்புளி பிலிப்ஸ் ஆணியிலும் பெரும்பாலும் நன்கு பொருந்தும். பிலிப்ஸ் திருப்புளியோ ஜிஸ் ஆணியிற் பொருந்தாது. ஒன்றே வாங்கப் பொருளுடையார் எதனை வாங்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஜப்பானிய ஆணி நம் ஊர்க்கு எங்ஙனம் வந்தது என்று வினவலாம். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு நிறுவனத்தின் வண்டி ஆங்கில நாட்டு வகுப்பினது. அக்காலத்து ஆங்கில வண்டிகளில் ஒற்றைக் கோட்டு ஆணிகளே பெரும்பான்மை. நம் பட்டறைப் பெரியோர் அவற்றிற் கைதேர்ந்தனர். பின்னர் 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், மறு ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100-உம், ஆர்எக்ஸ் 100-உம் வடபுலத்துத் தொழிற்சாலைகளிலிருந்து புறப்பட்டன. ஜப்பானியர் வகுத்த எஞ்சினோடு ஜப்பானியர் வகுத்த ஆணியும் வந்தது. ஆணியை அறிந்த திருப்புளி உடன் வந்து கடைகளில் நிரம்பவில்லை. கடைக்காரர் 'ஸ்டார்' என்று கொடுத்ததை மெக்கானிக் 'ஸ்டார்' என்று வாங்கினார். நாற்பது ஆண்டுகளாக இப்படியே நடக்கிறது. பழைய வண்டிகளின் மூடிகளை உற்று நோக்குவார் உளி பட்ட தழும்பில்லாத ஒன்றைக் காண்டல் அரிது.

வகையேயன்றி எண்ணும் நோக்கற்பாலது. எண்ணிற் பிழைத்தலே மிகுதி என்பது அம்முதியவர் கருத்து. எம் ஆணியும் இரண்டு வகையாலும் கெட்டதே. சிலுவைத் திருப்புளிகளில் 1, 2, 3 என எண்கள் உண்டு. பட்டறையில் எப்போதும் கைக்கு எட்டுவது 2-ஆம் எண். ஜப்பானிய வண்டியில் 3, 4, 5 மில்லிமீட்டர் ஆணிகளுக்கு அதுவே தகும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடிக்கும் ஆணிகள் அத்தகையன. எஞ்சின் மூடியைப் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் ஆணிக்கு வேண்டுவது 3-ஆம் எண். 2-ஆம் எண் அதனுள்ளும் நுழையும்; நுழைதலைப் பொருந்துதல் என்று கொள்வதே கேட்டிற்கு வித்து. எம் தோழரின் வண்டியில் அன்று வேலை செய்தது பிலிப்ஸ் வகையில், 2-ஆம் எண்ணில், முனை மழுங்கிய ஒன்று. அவ்விளைஞன் தன் கட்டைவிரலால் தடவியது அம்மழுங்கலையே.

பொருத்தம் அறியும் வழி ஒன்றை முதியவர் காட்டினார். எவரும் செய்து பார்க்கலாம். முதலில் ஊசியால் குழியிலுள்ள மண்ணையும் மசகையும் தோண்டி எறிக. ஆணியின் தலையிற் சிலுவைக்கு அயலே ஒரு சிறு புள்ளி குழிந்திருக்கிறதா என்று பார்க்க. இருந்தால் அது ஜிஸ். எல்லா ஜிஸ் ஆணியிலும் புள்ளி இராது. ஜப்பானிய வகுப்பில் வந்த பழைய வண்டியாயின், புள்ளி இல்லையென்றாலும் ஜிஸ் என்றே கொண்டு தொடங்குதல் நலம். பின்னர்க் கழற்றிய ஆணி ஒன்றைத் திருப்புளியின் முனையில் மாட்டி, கருவியைப் படுக்கையாகப் பிடிக்க. பொருத்தம் சரியாயின் ஆணி விழாது நிற்கும், அசைத்தாலும் ஆடாது. பொருந்தாத கருவியில் அது தலைசாய்ந்து விழும். இதனை யாம் பல ஆணிகளிற் செய்து பார்த்தோம். இலக்கணத்தில் யாதொரு சூத்திரமும் எமக்கு இத்துணை விரைவில் விளங்கியதில்லை.

கழற்றும் முறையிலும் சில உண்டு. எஃகு ஆணியும் அலுமினிய மூடியும் ஈரத்தோடு பல்லாண்டு ஒருங்கிருந்தால், இரு உலோகங்களுக்கிடையே அரிப்பு உண்டாகி மரை இறுகிவிடும். அங்ஙனம் இறுகியதை எடுத்தவுடன் முறுக்கலாகாது. துருவை இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு வைக்கவேண்டும். மறுநாள் திருப்புளியைக் குழியில் நிறுத்தி, அதன் தலையிற் சுத்தியலால் ஓரிரு தட்டுத் தட்டினால் இறுக்கம் நெகிழும். திருகுதற்கு இடும் விசையினும் அழுத்துதற்கு இடும் விசை மிகுந்திருத்தல் வேண்டும். அதற்கும் அசையாதாயின் இம்பேக்ட் டிரைவர் இருக்கிறது. சுத்தியலால் அடிக்க, அவ்வடியே முனையை உள்ளழுத்தி ஒருங்கே திருப்பியும் விடும். குழி சிறிது கெட்டுவிட்ட ஆணியாயின், வால்வு தேய்க்கும் பசையைச் சிறிது முனையில் தடவினால் அதன் பொடி பிடிப்பைத் தரும். உளியை எடுப்பது இவையெல்லாம் பயன்படாத பின்னரே.

நிற்க. இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். "இந்த ஒரு ஸ்டாரை வைத்தே முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்" என்று எம்மிடமே பட்டறைக்காரர் சொன்னார். அது மெய், யாம் மறுக்கவில்லை. அவர் கை உடல் எடை முழுதும் சாய்த்து அழுத்தும். ஆணி சுழலுமா சுழலாதா என்பதை முதல் தொடுதலிலேயே உணரும். உணர்ந்தால் இம்பேக்ட் டிரைவரை எடுத்துக்கொள்ளும். முப்பது ஆண்டுப் பழக்கம் கருவியின் குறையை ஈடுசெய்கிறது. அப்பழக்கம் இல்லாத இளைஞனிடம் அதே குறையுள்ள கருவியைக் கொடுத்துவிட்டு, ஈடுசெய்யவில்லையே என்று கூலியைப் பிடிப்பது எவ்வாறு நியாயமாகும்? கற்றவனுக்கு எக்கருவியும் போதும் என்றால், கல்லாதவனுக்கன்றோ நல்ல கருவி முதலில் வேண்டும்? நம் பட்டறைகளில் இது தலைகீழாக நடக்கிறது. புதியது பெரியவர் கையில், தேய்ந்தது சிறியவன் கையில். பட்டறைகளை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? விடுதியில் முதலாண்டு மாணவர்க்கு எந்த மேசை கிடைக்கிறது என்பதை எல்லாரும் அறிவோம்.

வேறு சிலர், சிலுவை ஆணிகளை எறிந்துவிட்டு அறுகோணக் குழியுடைய ஆலன் ஆணிகளை இட்டால் வழக்கே இல்லை என்பர். பழைய வண்டி வைத்திருப்போர் பலர் அவ்வாறே செய்கின்றனர். நழுவுதல் அதில் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் எஞ்சின் மூடியின் 6 மில்லிமீட்டர் ஆணிக்கு வேண்டும் முறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவினதே. ஆலன் சாவியின் நீண்ட கையைப் பிடித்து அதன்மேலும் இறுக்குவது ஒருவர்க்கு விளையாட்டு. அப்போது கெடுவது ஆணியின் தலையன்று, அலுமினிய மூடியேறும் எஞ்சினின் மரை. தலை கெட்ட ஆணிக்குச் சில ரூபாயில் மாற்று உண்டு; மரை கெட்ட எஞ்சினுக்குச் செலவு பெரிது. அளவறிந்து முடுக்குவார் ஆலனை இடுக. மற்றையோர்க்கு யாம் அதனைப் பரிந்துரைக்கமாட்டோம். புதிய வண்டிகளில் சிலுவை ஆணி குறைந்து வருகிறது என்பதும் விடையாகாது. கார்புரேட்டரிலும், பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியிலும், விளக்குகளிலும் அது நெடுநாள் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கும்.

சைக்கிளில் வருவோர் இது தமக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பழைய கறுப்புச் சைக்கிள் பெரும்பாலும் நட்டும் ஸ்பேனருமாகவே முடிந்துவிடும். கியர் வைத்த சைக்கிளிலோ, பின்சக்கரத்தருகே சங்கிலியைப் பற்சக்கரத்திற்குப் பற்சக்கரம் மாற்றும் கருவியில் எச், எல் என எழுத்திட்ட இரண்டு சிறு ஆணிகள் உண்டு. சங்கிலி எத்துணைத் தூரம் செல்லலாம் என எல்லை வகுப்பவை அவை. ஜப்பானின் சகாய் நகரத்து ஷிமானோ கம்பெனியார் செய்த கருவியாயின், அவ்வாணிகளுக்கும் ஜிஸ் முனையே பொருந்தும். அரைச் சுற்று, கால் சுற்று என்று நுட்பமாகத் திருப்பவேண்டிய ஆணிகள் அவை. குழி கெட்டால் திருப்ப வழியில்லை. எல் ஆணி தன் எல்லையைக் காவாவிடில் சங்கிலி சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழும். இறக்கத்தில் விரைந்து செல்வார் அப்போது என்னாவார் என்பதை யாம் எழுதவேண்டுவதில்லை. அம்மட்டோ? கியர் சைக்கிள் வாங்கிய எம் தோழர் இருவர் அவ்வாணியைப் பேனாக்கத்தியின் நுனியால் திருப்பக் கண்டோம்! திருப்புளியே இல்லாதார்க்கு ஜிஸ் உபதேசம் எதற்கு என்றும் ஒருகணம் தோன்றிற்று.

ஆகவே யாம் வேண்டுவன சில. கருவி விற்போர் தண்டிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படித்துச் சொல்லி விற்கவேண்டும். வண்டி செய்வோர் தம் கையேட்டில் எவ்விடத்து ஆணிக்கு எவ்வகை, எவ்வெண் என்று ஒரு வரி அச்சிடவேண்டும். எண்ணெயின் அளவைச் சொல்லும் ஏட்டில் இதற்கு இடமில்லாமற் போகாது. நம் விடுதியாரிடத்து எம் விண்ணப்பம் இன்னும் சிறியது. ஜிஸ் திருப்புளி 1, 2, 3 எண்களில் ஒவ்வொன்றும், ஒரு இம்பேக்ட் டிரைவரும் வாங்கி, வண்டிக் கொட்டகையிற் பெட்டியிட்டுப் பூட்டி, சாவியைக் காவலரிடம் வைக்கவேண்டும். கால்பந்து ஒன்றின் விலைக்கு மிகாது. கால்பந்து வேண்டா என்று யாம் சொல்லவில்லை என்பதை விளையாட்டுச் செயலாளர் குறித்துக்கொள்வாராக.

பெயரைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் கூடி, இம்மூன்று வகைக்கும் நல்ல தமிழ்ப்பெயர் வகுக்க ஒரு மாலை முழுதும் முயன்றோம். 'ஆழ்பொருத்துத் திருப்புளி' என்றார் ஒருவர். 'கூர்மூலைத் திருப்புளி' என்றார் மற்றொருவர். இரண்டையும் கொண்டுபோய்ப் பட்டறையில் வழங்க எவர்க்கும் துணிவு வரவில்லை.

நாங்கள் அங்கே போனது வேறு காரியமாக. தோழர் ஜப்பானியத் திருப்புளி 3-ஆம் எண் ஒன்றைத் தருவித்திருந்தார். வண்டியின் இடப்புற மூடியையும் திறக்கவேண்டியிருந்தது. அவ்விளைஞனையே கழற்றச் சொன்னோம். ஆணிகள் ஒவ்வொன்றாகச் சிறு ஓசையோடு நெகிழ்ந்து வெளிவந்தன, ஒன்றேனும் நழுவவில்லை. முனையை முன்போலவே கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இது ஜப்பான் ஸ்டார் அண்ணா" என்றான். எம் மாலைநேரத்து ஆக்கங்கள் இரண்டையும் அப்போதே கைவிட்டோம். வேற்றுமையை உணர்ந்தவன் இட்ட பெயர் அது, அதுவே வழங்குக.

பிடித்த கூலி திரும்பி வந்ததா என்று கேட்டோம். இல்லை என்றான். அத்தொகையைத் தோழரும் யாமும் அவனிடம் கொடுக்க முயன்றோம், வாங்க மறுத்துவிட்டான். திருப்புளியை மட்டும் இரண்டு நாள் இரவலாகக் கேட்டான். கொடுத்தோம். மூன்று மாதமாகிறது, இன்னும் அவனிடமே இருக்கிறது. தோழரும் கேட்கவில்லை.